சூசைராஜின் தகர எண்கள்

இடது கையில் பன்னைக் கடித்துக்கொண்டே, வலது கையால் தகரத்தில் எழுதிய எட்டைக் கொக்கியில் மாட்டினார் சூசைராஜ். மேடையில் இன்னிசைக் கச்சேரி. பாடகர் எட்டு, பாடகி பதினொன்று. பாடகர் உச்சத்தில் போய் இருமியதும் எட்டைக் கழற்றிவிட்டு ஏழு மாட்டினார்.

எங்கள் ஊர் உள்விளையாட்டரங்கில் காலையில் கைப்பந்து, மதியம் சேலைக் கண்காட்சி, மாலையில் கல்யாண வரவேற்பு என்று எல்லாம் ஒரே தரையில்தான். நாற்காலிகள் மாறும், சூசைராஜ் மாறமாட்டார். பதினெட்டு வருடமாக ஸ்கோர் போர்டு அவர் பொறுப்பு. கழுத்தில் விசில், முட்டிவரை சுருட்டிய பேண்ட், எந்நேரமும் வெறுங்கால். எந்தக் கூட்டமானாலும் அதில் இரண்டு கட்சி இருந்தே தீரும் என்பது அவர் கட்சி. "போர்டு சும்மா தொங்குனா வந்த சனத்துக்கு யாரு செயிக்கிறான்னு எப்பிடித் தெரியும்?" என்பார்.

கண்காட்சியில் சின்னாளப்பட்டிச் சுங்குடிக்கு முப்பத்தொன்று, பட்டுக்குப் பன்னிரண்டு போட்டவர். ஜெபக் கூட்டத்தன்று மட்டும் போர்டைத் துணியால் மூடிவிடுவார். "ஆண்டவரு செயிப்பாரு, அது தெரிஞ்சதுதான். சாத்தானுக்கு முட்டை போட்டுட்டு நாளைக்கு நான்ல தனியா வீட்டுக்குப் போகணும்."

ஆனால் வேண்டியவர், வேண்டாதவர் பார்த்து ஒரு பாயிண்டும் போட்டதில்லை. மச்சினன் சகாயராஜ் அடித்த பந்து கோட்டுக்கு வெளியே விழுந்ததை நடுவர் கவனிக்கவில்லை. இவர் கவனித்தார், எண்ணை மாட்ட மறுத்துவிட்டார். அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு மாமியார் வீட்டிலிருந்து பலகாரம் வரவில்லை.

சென்ற தை மாதம் வினை வந்தது. ஒரு வரவேற்பில் ஆடியவர்களை எண்ணி, பெண் வீடு பதினொன்று, மாப்பிள்ளை வீடு நான்கு என்று மாட்டிவிட்டார். எரியோட்டிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் முத்துச்சாமி நிமிர்ந்து பார்த்தார். "எங்களத் தோத்துப்போனம்னு எழுதி வச்சிருக்கான், பந்தியில எவனும் உக்காராதீங்கடா!" பிரியாணி ஆறி அவலானது. அரங்க மேலாளர் பொன்னுத்துரை கையைக் காலைப் பிடித்துத்தான் அவர்களைத் திருப்பிக்கொண்டுவந்தார்.

"நாலு பேரு ஆடுனா நாலுதான சார் போட முடியும்?" என்றார் சூசைராஜ்.

"இனி விளையாட்டுக்கு இல்லாம வேற எதுக்காச்சும் நம்பர் மாட்டுனீங்க, போர்டு பழைய இரும்புக் கடைக்கு, நீங்க மோட்டார் ரூமுக்கு" என்றார் பொன்னுத்துரை.

அதற்குப் பிறகு எந்த விழாவிலும் சூசைராஜ் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்தே இருந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை பட்டிமன்றம். வீட்டுச் சண்டைக்குக் காரணம் டெலிவிஷனா, மாமியாரா? டெலிவிஷன் கட்சியில் சூசைராஜின் மகள் அன்புக்கரசி, முதல் மேடை. இரண்டாவது நிமிடத்தில், "வீட்டுக்கு வீடு டெலிவிஷன்... டெலிவிஷன்..." என்று நின்றுவிட்டாள். பின்வரிசையில் எவனோ கொட்டாவி விட்டான். அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கிரீச்! எல்லோரும் திரும்பினோம். டெலிவிஷன் ஒன்று, மாமியார் முட்டை. அப்பாவின் கை இன்னும் கொக்கியில் இருந்தது. கூட்டம் சிரித்துக் கைதட்டியது. அன்புக்கரசியும் சிரித்துவிட்டாள், விட்ட இடம் நினைவுக்கு வந்து பேசி முடித்தாள். எனக்குக் கண் கலங்கியதை ஒளிப்பானேன்?

பொன்னுத்துரை விடுவிடுவென்று வந்து மோட்டார் அறைச் சாவியைச் சூசைராஜின் கையில் திணித்தார். "போங்கண்ணே. இப்பவே."

"செத்த இருங்க சார். ஆட்டம் பாதியில நிக்குது."

அடுத்து மாமியார் கட்சிக்கு அஜீஸுன்னிசா டீச்சர் வந்தார். பிளந்து கட்டினார். கூரைத் தகடு அதிரும்படி சிரிப்பு. அன்புக்கரசி மேடையிலிருந்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சூசைராஜ் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மகளின் பக்கம் திரும்பாமல், தகர எண்களில் தேடி, மாமியாருக்கு நேரே இரண்டை மாட்டினார்.