மூன்றாவது எர்த் ராடு

“இருபத்தஞ்சாயிரம் வோல்ட்டும்மா. உங்க வீட்டு மிக்ஸி இல்ல இது.”

திருவண்ணாமலையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சீனியர் டெக்னீஷியன் ஏழுமலை அண்ணா சொன்னது இது. “எங்க வீட்ல மிக்ஸியே இல்லண்ணா” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

உண்மையைத்தான் சொன்னேன். கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் குடும்பம் எங்களுடையது. அதில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஐ.டி.ஐ. முடித்து, பரீட்சை எழுதி, ரயில் என்ஜினுக்கு மின்சாரம் தரும் மேல்கம்பியைப் பராமரிக்கும் வேலைக்கு வந்தேன்.

இந்த வேலையில் கம்பியைத் தொடும் முன் கன்ட்ரோலரிடம் போனில் பர்மிட் வாங்க வேண்டும். அவர் சப்ளையை நிறுத்திய பிறகும், வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் ராடு மாட்ட வேண்டும். நீளமான கழி அது. கீழ் முனையைத் தண்டவாளத்தில் முடுக்கிவிட்டு, மேல் கொக்கியைக் கம்பியில் மாட்டுவோம். கம்பியில் மிச்சமிருக்கும் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். வேலை முடிந்து எல்லா ராடையும் எடுத்த பிறகே பர்மிட்டைத் திருப்பிக் கொடுக்கலாம். ஒன்று மாட்டியபடி இருக்க, சப்ளை வந்தால் கம்பி எரிந்து அறுந்துவிடும்.

ராடு மாட்டும் கம்பங்களின் நம்பரை நான் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வேன். “இன்னாம்மா, பரீட்சைக்கு பிட்டா?” என்று கேலி செய்வார் ஏழுமலை அண்ணா.

என் பெயரில் முதல் பர்மிட் ஒரு பௌர்ணமி மதியம் வந்தது. மேல்கம்பியைத் தாங்கிப் பிடிக்கும் டிராப்பர் ஒன்று ஸ்டேஷனுக்கு வெளியே அறுந்து தொங்கியது. கிரிவலக் கூட்டத்தோடு ஸ்பெஷல் ரயில் கிளம்பிவிட்டிருந்தது. நாற்பது நிமிடம் கிடைத்தது. ஸ்டேஷனில் ரயில் ஒதுங்கி நிற்கும் லூப் லைனின் கம்பியும் அங்கே வந்து சேர்வதால், அந்தப் பக்கம் மூன்றாவது ராடும் மாட்டச் சொன்னேன். ஏழுமலை அண்ணாதான் போய் மாட்டினார்.

முப்பது நிமிடத்தில் புது டிராப்பர் ஏறிவிட்டது. ராடுகளைக் கொண்டுவந்து போட்டார்கள். கன்ட்ரோலர் போன் அடித்தார்.

“முடிஞ்சுதாம்மா? ஸ்பெஷல் முந்தின ஸ்டேஷன்ல நிக்குது. ஜனம் இறங்கி நடக்க ஆரம்பிச்சுடும். பர்மிட்டைக் குடு.”

“ராடெல்லாம் வந்துடுச்சாண்ணா?” என்று திரும்பிக் கேட்டேன்.

“ரெண்டும் வந்துடுச்சு. குடும்மா” என்றார் ஏழுமலை அண்ணா.

உள்ளங்கையைப் பார்த்தேன். மூன்று நம்பர் இருந்தது.

“சார், ஒரு ராடு இன்னும் கம்பியில இருக்கு. சப்ளை குடுத்துடாதீங்க.”

“முதல் பர்மிட்டு உனக்கு. லேட் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

“நான் சொல்றேன் சார். எடுத்துட்டுக் கூப்பிடறேன்.”

லூப் லைன் ஓரமாக ஜல்லியில் ஓடினேன். வளைவுக்கு அப்பால் ராடு கம்பியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் ஓடிவந்த ஏழுமலை அண்ணாவின் முகம் வெளிறிவிட்டது. இத்தனை வருஷமும் இரண்டே மாட்டிப் பழகியவர், மூன்றாவதை மறந்திருந்தார்.

மேல் கொக்கியை முதலில் எடுத்தேன், பிறகு கீழ் முனையை. பர்மிட்டைத் திருப்பிக் கொடுத்தபோது நாற்பதில் இரண்டு நிமிடம் மிச்சம்.

ஸ்பெஷல் வந்தது. ஜன்னலெல்லாம் கைகள், “அண்ணாமலையாருக்கு அரோகரா!” என்ற சத்தம். நான் மேலேதான் பார்த்தேன். என்ஜின் கூரையிலிருந்து கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் பான்டோகிராஃப் புது டிராப்பரின் அடியில் ஒரு பொறிகூட இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. அன்று மலையைச் சுற்றிய கூட்டத்தில் ஒரு ரயில் கூட்டம் என் சொல்லுக்குக் காத்திருந்து வந்தது.

அடுத்த வேலையின்போது ஏழுமலை அண்ணா என் முன்னால் கையை நீட்டினார். “எனக்கும் எழுதும்மா.”

“பிட்டாண்ணா?”

“ஆமா, பிட்டுதான். ஜாஸ்தி பேசாத, எழுது.”

இந்த வேலைக்கு வரப்போகும் தங்கைகளே, எத்தனை ராடு என்று பழக்கத்தைக் கேட்காதீர்கள். எழுதி வைத்ததைக் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது மிக்ஸி இருக்கிறது. போன வாரம் ஜூனியர் இன்ஜினியர் தேர்வுக்கு விண்ணப்பமும் கொடுத்துவிட்டேன்.