இரண்டு காலும் தரையில் இல்லாத படம்

என் மனைவிக்கு ஐம்பது வயது முடிந்த ஆண்டில், அவளுடைய வலது முழங்காலின் எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்த டாக்டர், ஆடலாம், ஆனால் இனிமேல் குதிக்கக் கூடாது என்றார். டிசம்பரில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது என்று அவள் தயங்கியபடி சொன்னாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று மருந்துச் சீட்டை நீட்டினார். வெளியே வந்து செம்பூர் ஸ்டேஷன் பக்கம் ஆட்டோவுக்கு நிற்கும்போது அவள் பேசியது முழங்காலைப் பற்றி அல்ல.

"தில்லானாவுல நடுவுல ஒரு எடத்துல குதிச்சுத் திரும்புவேன்ல? அதுல எனக்கு ஒரு போட்டோ வேணும். ரெண்டு காலும் மேல இருக்கணும்."

"எடுத்துடலாம்" என்றேன். அவ்வளவு எளிதாகச் சொல்லியிருக்கக் கூடாது.

அவள் சிறு வயதில் மாட்டுங்காவில் நடனம் கற்று, கல்யாணத்துக்குப் பின் விட்டு, மகன் படிக்க வெளியூர் போன பிறகு அதே ஆசிரியையிடம் மறுபடி சேர்ந்தவள். அவள் ஆடும் படங்கள் வீட்டில் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றிலும் நின்றுகொண்டிருக்கிறாள். நாட்டியப் படங்கள் பெரும்பாலும் அப்படித்தான். ஜதி முடிந்து உடல் சட்டென்று நிற்கும் அந்த அரை நொடிக்காகப் புகைப்படக்காரர் காத்திருப்பார். அப்போது எந்தக் கேமராவும் எடுத்துவிடும். குதிக்கும்போது எடுக்க வேண்டும் என்றால் ஷட்டர் ஒரு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் திறந்து மூட வேண்டும். அவ்வளவு குறைந்த நேரத்தில் படம் பதிய வெளிச்சம் வேண்டும். மாட்டுங்காவில் எந்த மேடையிலும் வெளிச்சம் கிடையாது. இருப்பது மஞ்சளும் நீலமும் ஊதாவும்தான்.

முதலில் என்னிடம் இருந்த பழைய கேமராவை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வகுப்புக்குப் போனேன். முதல் மாடியில் ஒரு நீண்ட அறை, இரண்டே டியூப்லைட். படங்களில் அவள் குதித்த இடத்தில் எல்லாம் சேலை கட்டிய புகை ஒன்று விழுந்திருந்தது. ஷட்டரை வேகப்படுத்தினால் படம் கறுத்தது. கறுப்பைச் சரிசெய்ய, கேமராவின் ஒளியுணர்வான ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் முகத்தில் மணலை வாரி இறைத்தது போல் வந்தது. அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இது நானா, சாம்பிராணியா?" என்று கேட்டாள்.

ஐரோலியில் ஒரு அலுவலகத்தில் இயந்திர வரைபடங்களைச் சரிபார்ப்பது என் வேலை. ஒரு துளை எங்கே, எவ்வளவு அகலம், எவ்வளவு பிசகலாம் என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். ஒரு கேள்விக்கு ஒரு விடை இருக்க வேண்டும் என்பது எனக்குப் பழகிப்போன எதிர்பார்ப்பு. கேமரா உலகத்தில் அப்படி ஒரு வழக்கமே இல்லை. காலையும் மாலையும், வாஷியில் வண்டி மாறும் நேரம் போக, ரயிலில் நின்றபடி விமர்சனங்களாகப் பார்த்தேன். ஒருவர் லென்ஸ்தான் முக்கியம், கேமரா எதுவானால் என்ன என்றார். அடுத்தவர் பழைய கேமராவில் எந்த லென்ஸைப் போட்டும் பயனில்லை என்றார். இருவரும் வெளிச்சம் குறைவான இடத்தில் சோதித்துக் காட்டினார்கள். சோதனைக்கு ஒரு பெண் கடைப் பலகை வெளிச்சத்தில் அசையாமல் நின்று சிரித்தாள். குதிக்கிற ஒரு ஆளை வைத்துச் சோதித்தவர் ஒருவரும் என் கண்ணில் படவில்லை. கீழே கருத்துப் பகுதியில் கேட்டேன். "நல்ல கேள்வி நண்பரே" என்று ஒரு பதில் வந்தது. பதில் அவ்வளவுதான்.

கடைசியில் தாராவிக்குப் போனேன். தொண்ணூறடிச் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால், கல்யாண வீடியோ எடுப்பவர் ஒருவர் கேமராவும் லென்ஸும் வாடகைக்கு விடுகிறார். அவர் குடும்பமும் என் அப்பா பிறந்த ஜில்லாதான். முதல் தடவை மரியாதையாக டீ வாங்கிக் கொடுத்தார். மூன்றாவது தடவை கடைக்குள் நுழையும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, மறுபடியும் வந்துட்டியளா? நீங்க டான்ஸ எடுக்கப் போறியளா, ராக்கெட் விடப் போறியளா?"

"ஒரே ஒரு சந்தேகம்."

"ஒரே ஒண்ணுன்னுதான் போன வாரமும் வந்திய. இந்தா, இந்த ஃப்ளாஷைப் போடுங்க, மயிரு நுனிகூட தெரியும். பஸ், காம் கதம், சோலி முடிஞ்சுது."

"ஃப்ளாஷ் போடக் கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க."

"அப்ப இதக் கொண்டுபோங்க." முழங்கை நீளத்துக்கு வெள்ளையாக ஒரு ஜூம் லென்ஸை எடுத்து மேஜையில் வைத்தார். "எங்க வேணும்னாலும் உக்காந்து எடுக்கலாம். இதைத் தூக்கிட்டுப் போனா மண்டபத்துல வழி விடுவானுவ."

அந்தப் பெரிய லென்ஸ் கடைசி வரிசையிலிருந்தும் மேடையை இழுத்துக் கொண்டுவரும். அதைவிடச் சின்னதாக, ஜூம் ஆகாத இன்னொன்று இருந்தது. பார்க்க ஊறுகாய் ஜாடி மாதிரி. ஆனால் அதன் வாய் அகலம், பெரியதைவிட இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடும். குறை ஒன்றுதான், மேடைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். இரண்டையும் ஒரு புதுக் கேமராவில் மாற்றி மாற்றிப் போட்டு, அவர் கடைப் பையனை நாற்காலியிலிருந்து குதிக்கச் சொல்லி எடுத்துப் பார்த்தேன். சின்ன லென்ஸில் அவனுடைய சட்டைப் பொத்தான் எண்ணும்படி தெரிந்தது. பெரியதில் மணல். எனக்குத் தேவை ஒளி. அந்தப் புதுக் கேமராவோடு சின்னதையே வாடகைக்கு எடுத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் சத்தப் பிரச்சினை வந்தது. தரையில் உட்கார்ந்து கட்டையில் தாளம் தட்டிக்கொண்டிருந்த ஆசிரியை, நடுவில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். என்னை அவர் எப்போதும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன மாப்பிள்ளை, அந்தப் பெட்டி கடகடன்னு கத்தறதே! என் ஜதிக்கு நடுவுல உங்க ஜதி எதுக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள், என் மனைவி உட்பட. புதுக் கேமராவில் சத்தமே இல்லாமல் எடுக்கும் வசதி இருந்தது. அதற்கு மாற்றினேன். படங்களில் மேலிருந்து கீழ் வரை பட்டை பட்டையாக இருட்டுக் கோடுகள் விழுந்தன. அந்த டியூப்லைட்டுகள் எல்.இ.டி. வகை; எல்.இ.டி. விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாமல் மின்னிக்கொண்டே இருக்குமாம், சத்தமில்லாத ஷட்டர் படத்தை வரி வரியாகப் படிப்பதால் அந்த மின்னல் கோடாகப் பதிந்துவிடுமாம். இதையும் ரயிலில் நின்றபடிதான் கண்டுபிடித்தேன். சத்தம் வேண்டும், இல்லையென்றால் கோடு வேண்டும். ஆசிரியையிடம் பேரம் பேசினேன்.

"தில்லானாவுக்கு மட்டும் சத்தம் போட்டுக்கறேன், மாமி. அதுல மிருதங்கமே பெருசா கேக்குமே."

"போட்டுக்கோங்கோ. ஆனா தாளத்துல போடுங்கோ."

முதல் வரிசையில் ஓர் இருக்கையையும் அவரிடமே கேட்டு வாங்கினேன். அந்த வரிசை நன்கொடை கொடுத்தவர்களுக்கானது. ஓரமாக, தூணுக்குப் பக்கத்து நாற்காலி கிடைத்தது. ஒத்திகை நாளில் அங்கே உட்கார்ந்து பார்த்தேன். மேடை என் மூக்கு உயரத்தில் இருந்தது. அவள் கால் விரல்வரை தெரிந்தது. விளக்குக்காரரிடம் போய் தில்லானாவுக்கு வெள்ளை விளக்கு மட்டும் போடும்படி எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினேன். "டென்ஷன் நை லேனே கா, சாப்" என்று, கவலையே வேண்டாம் என்பதுபோல் தோளில் தட்டினார். அப்படிச் சொல்பவர்களைப் பார்த்தால்தான் எனக்கு டென்ஷன் வருகிறது.

நிகழ்ச்சி நாளில் மேடை அலங்காரம் மூத்த மாணவிகளின் வீட்டுக்காரர்கள் பொறுப்பு என்பது அந்த வகுப்பின் வழக்கம். பெண்கள் உள்ளே சலங்கையும் ஒப்பனையுமாக இருப்பார்கள், ஆண்கள் தூக்குகிற வேலை பார்ப்பார்கள். அந்தத் தடவை வாடகைக்குச் செவ்வந்திப் பூந்தொட்டிகள் வந்தன. மேடை விளிம்பில் வரிசையாக வைக்க வேண்டும். எனக்கு முன்னால் வைத்தவர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வைத்திருந்தார்கள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. எல்லாவற்றையும் எடுத்து ஒரே இடைவெளியில் திருப்பி வைத்தேன். அப்படியும் நடுவில் கொஞ்சம் வெறுமையாகத் தெரிந்தது. ஓரத்திலிருந்து ஒரு தொட்டியைத் தூக்கி வந்து அங்கே வைத்து நிரப்பினேன். ஆசிரியை வந்து பார்த்துவிட்டு, "இன்ஜினியர் கை பட்டா எப்படி இருக்கு பாருங்கோ" என்று எல்லாரிடமும் சொன்னார். எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

தில்லானா கடைசி உருப்படி. வெள்ளை விளக்கோடு நீலமும் எரிந்தது, நான் எதிர்பார்த்ததுதான். கேமரா அவள் கண்ணைக் கண்டுபிடித்து அதன்மேல் பச்சைக் கட்டம் போட்டது. அவள் எங்கே திரும்பினாலும் கட்டம் கண்ணை விடவில்லை. அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிருதங்கம் ஏறியது, அவள் குதித்தாள், நான் அழுத்திப் பிடித்தேன். பக்கத்தில் இருந்த நன்கொடைக்காரர் திரும்பி முறைத்தார். திரை விழுந்ததும் படத்தில் அவள் கண்ணை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். இமை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. மணல் இல்லை, கோடு இல்லை. ஒப்பனை அறை வாசலில் நின்று, "கெடைச்சாச்சு" என்று கையால் காட்டினேன். சலங்கையை அவிழ்த்துக்கொண்டிருந்தவள் அந்தக் களைப்பிலும் சிரித்தாள்.

மறுநாள் காலை முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரில் படத்தை முழுசாகத் திறந்தேன்.

"இது எந்த எடம்?" என்றாள்.

"குதிக்கிற எடம்."

"நின்னுட்டு இருக்கேனே."

கணுக்காலுக்குக் கீழே செவ்வந்தி. மஞ்சளாக, அடர்த்தியாக, அவளுடைய இரண்டு பாதங்களையும் தரையையும் சேர்த்து மறைத்துக்கொண்டு, மிகச் சரியாக நடுவில் ஒரு தொட்டி. தொடர்ந்து எடுத்த எல்லாப் படங்களையும் திறந்தேன். எல்லாவற்றிலும் அதே தொட்டி. மண்டபத்தில் கடைசி வரிசைப் பக்கம் தரை உயரம். பெரிய லென்ஸோடு அங்கே உட்கார்ந்திருந்தால் பூவுக்கு மேலாகப் பார்த்திருக்கலாம். முகத்தில் கொஞ்சம் மணல் விழுந்திருக்கும், அவ்வளவுதான். விழுந்துவிட்டுப் போகட்டும்.

"யார் அங்க தொட்டி வெச்சது?" என்றாள்.

நான் சொன்னேன். எனக்கு அந்தத் தொட்டிமேலும் லென்ஸ்மேலும் வந்த கோபத்தில் அடுத்த வழி ஒன்றுதான் தோன்றியது.

"கேமராவை நாளைக்குத்தான் திருப்பிக் குடுக்கணும். சாயங்காலம் மொட்டை மாடிக்கு வா. வெயில்ல ஒரே தடவை குதிச்சா போதும், சுத்தமா வந்துரும்."

"டாக்டர் சொன்னப்போ என் பக்கத்துல உக்காந்திருந்தது யாரு?"

"ஒரே தடவைதானே."

"அரே, என் முழங்கால் உங்க லென்ஸ் மாதிரி வாடகைக்கு வந்ததா? போங்க, ஐஸை மாத்திக் கொண்டாங்க."

ஐஸை மாற்றிக் கொண்டுவந்தேன். சாயங்காலம் வரை அவள் அந்தப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, கழுத்திலிருந்து தொங்கும் நீளமான பதக்க மாலையைத் திரையில் தொட்டுக் காட்டினாள். மாலை மார்பில் படியவில்லை. பதக்கம் உடம்பை விட்டு விலகி, மேல்நோக்கி எழும்பி நின்றிருந்தது. தரையில் நிற்கிறவள் கழுத்தில் மாலை அப்படி நிற்காது.

"இதை ஃப்ரேம் போடுங்க" என்றாள்.

கேமராவைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது தாராவிக்காரர் படத்தைக் காட்டச் சொன்னார். "அண்ணாச்சி, சோக்கா வந்திருக்கு! அக்கா செலை மாதிரி நிக்காவ" என்றார். வாடகையை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

படம் இப்போது கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் போஸ் பிரமாதம் என்கிறார்கள். போன ஞாயிறு கல்யாணிலிருந்து வந்த அவள் தங்கையும் அதையே சொன்னாள். செவ்வந்தி மேட்சிங்காக இருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சமையலறையிலிருந்து மனைவியின் குரல் கேட்டது.

"நான் அதுல குதிக்கறேன்டீ! மாலையைப் பாரு. ஏங்க, காட்டுங்க அவளுக்கு."

எழுந்து போய், கண்ணாடிமேல் விரலை வைத்துக் காட்டினேன்.