கமலக்கண்ணன் காதுக்கு எட்டாத ஒலி

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் மெஷினில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்த்த கமலக்கண்ணன், விடுமுறை நாட்களில் கல்யாணக் கச்சேரிகளில் கிட்டார் வாசிப்பார். 2008இல், பலவகை ஆம்ப்ளிஃபயர்களின் ஒலியைத் தரும் சின்னப் பெட்டி ஒன்றை வாங்கினார். அதைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, சாஃப்ட்வேரில் பாட்டுக்குப் பாட்டு ஒலியைத் திருத்தினார். எல்லாமே மந்தமாகக் கேட்டதால், கீச்சென்ற உச்ச ஒலிகளைக் கூட்டும் ட்ரெபிளை ஏற்றிக்கொண்டே போனார்.

மனைவி சரிதா காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். "இன்னாங்க இது, காதக் கிழிக்குது!"

"எனக்கு மந்தமாத்தான கேக்குது?" என்றவருக்குச் சொன்ன பிறகுதான் உறைத்தது.

மெஷின் சத்தத்தில் போன காது திரும்பாது என்றார் டாக்டர்.

அடுத்த கச்சேரிக்கு முன்பு சரிதாவைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார். "எங்க நிறுத்தணும்னு நீயே சொல்லு."

அவள் மௌஸை மெல்ல இழுத்து, "இங்க" என்றாள். அவருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. தலையாட்டிவிட்டு அந்த அளவையே சேமித்துக்கொண்டார்.