தொட்டி நிறைய மின்சாரம்

எங்கள் பால் குளிரூட்டும் நிலையத்தில் என் அண்ணிக்குப் பட்டப்பெயர் ‘தொட்டியம்மா’. வைத்தவர் மேலாளர். பெயர் வைப்பதில் மட்டும் அந்த மனிதருக்குச் சோம்பலே கிடையாது.

நான் அங்கே பால் சோதிப்பவன். அண்ணி இங்கே வருவதற்கு முன்பு மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். நிலையத்துக்கு ஃப்ளோ பேட்டரி வந்தபோது அதைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள், அவர் சேர்ந்துவிட்டார். ஆளுயரத்துக்கு இரண்டு தொட்டிகள், இரண்டிலும் அமிலக் கரைசல். பம்புகள் அதை நடுவிலுள்ள பெட்டி வழியாக ஓட்டிக்கொண்டே இருந்தால் மின்சாரம் வரும். பகல் வெயிலில் சேமித்து வைத்து, கரண்ட் போனதும் எடுத்துக்கொள்ளலாம். கூடுதல் நேரம் ஓட வேண்டுமென்றால் தொட்டியையும் கரைசலையும் கூட்டினால் போதும். கரைசலும் வருஷக்கணக்கில் உழைக்கும். கரண்ட் நினைத்தபோது வந்து நினைத்தபோது போகிற எங்களுக்கு வேறென்ன வேண்டும்? பழைய பேட்டரிகள் இரண்டு கோடைக்குள் மண்டையைப் போட்டுவிடும். டீசல் ஜெனரேட்டரோ புகையைக் கக்கியே எங்களை இரும வைத்தது.

அந்தத் தொட்டிகள் என்றால் அண்ணிக்கு உயிர். குழாய் மூட்டு ஒவ்வொன்றையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பார். துணியில் கரைசலின் நீலம் ஏறினால் கசிவு என்று அர்த்தம். எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் மாதக்கணக்கில் ஒழுகிக்கொண்டிருக்கும், அதைக் கேட்க நாதியில்லை.

இந்த பேட்டரி தேறுமா என்று பார்க்க மேலிடத்திலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். தேறினால் சுற்றுவட்டார நிலையங்கள் எல்லாவற்றுக்கும் போகும், அங்குள்ளவர்களுக்கு அண்ணிதான் பயிற்சி கொடுப்பார். இல்லையென்றால் கழற்றி எறிந்துவிட்டு மறுபடி ஜெனரேட்டர்.

மெயினை அணைத்தார்கள். ஒன்றும் ஓடவில்லை. தொட்டி நிறைய மின்சாரத்தை வைத்துக்கொண்டு குளிர் அறை கும்மிருட்டாகக் கிடந்தது. அதிகாரிகள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கூட்ட அறைக்குப் போய்விட்டார்கள்.

அண்ணி பம்புக்கு அடியில் குனிந்து பார்த்தார். கரண்ட் போன நொடியில் பம்பை ஓட வைக்க அங்கே ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அந்த இடம் காலியாக இருந்தது.

“சார், இங்க இருந்த சின்ன பேட்டரி எங்க?”

“அதுவா? சும்மாதானே கெடந்துச்சு. மெயினை அணைச்சா மைக் ஓடாதுல்ல? அதான் மைக் செட்டுக்குப் போட்டுட்டேன்” என்றார் மேலாளர், பெரிய காரியம் செய்துவிட்ட முகத்தோடு.

அண்ணி கூட்ட அறைக்கு ஓடினார். பின்னாலேயே மேலாளரும் நானும் போனோம். தலைமை அதிகாரி மைக்கில் கணீரென்று பேசிக்கொண்டிருந்தார்: “யோசனை நல்ல யோசனைதான். ஆனா நம்மள மாதிரி நாட்டுக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது.”

“சார், ஒரே நிமிஷம். அதைக் கழட்டிக்கிறேன்” என்று அண்ணி மேலாளரிடம் கெஞ்சினார்.

“பெரியவர் பேசிட்டிருக்கார். வாயை மூடிட்டு நில்லும்மா.”

அண்ணி நிற்கவில்லை. நேராகப் போய் மைக் வயரைப் பிடுங்கினார். அதிகாரி வாயைத் திறந்தபடி நிற்க, பேட்டரியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினார். பழைய இடத்தில் அதை மாட்டியதும் பம்ப் ஓடியது. குளிர் அறையில் விளக்கு எரிந்தது. பின்னாலேயே வந்த அதிகாரிகள் சுற்றிச் சுற்றிப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

தொட்டிகள் தேறிவிட்டன. மேலதிகாரியை அவமதித்ததாகச் சொல்லி அண்ணியை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். பயிற்சி கொடுக்கும் பொறுப்பு மேலாளருக்குப் போனது. வயிறு எரியுமா எரியாதா?

போன ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் அண்ணிக்கு போன் செய்தார். பம்ப் நின்றுவிட்டதாம்.

“எடுக்காதீங்க அண்ணி. கெடந்து அல்லாடட்டும்” என்றேன்.

“உள்ள பால் இருக்குல்ல தம்பி” என்று எடுத்துவிட்டார். எந்த வால்வைத் திறப்பது, எதை மூடுவது, காற்று அடைத்திருந்தால் எப்படி வெளியேற்றுவது என்று குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்கு அந்த போனைப் பிடுங்கித் தரையில் அடிக்க வேண்டும்போல இருந்தது.

“ஆ, ஓடுது ஓடுது!” என்று மேலாளர் கத்தினார்.

“சார், உடனே வெச்சிடாதீங்க. பம்ப் ஓடுற சத்தத்தைக் கொஞ்சம் கேட்டுக்கிறேன்” என்றார் அண்ணி.

மேலாளர் போனை வைத்துவிட்டார்.