கடலை சேராத பிள்ளை

எழுபதுகளின் தொடக்கத்தில் நல்லூரில் ஒரு பால்வாடியில் டீச்சராக வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு இருபது வயது. பிள்ளைகளில் பாதிப்பேர் பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்களின் பிள்ளைகள். மதியம் கோதுமை உப்புமா. சாயங்காலம் ஆளுக்கொரு கடலை உருண்டை.

ஒரு நாள், கம்பெனியில் பனியனின் நூல் பிசிறு வெட்டும் பெண் ஒருத்தி தன் மூன்று வயது மகளைக் கொண்டுவந்து விட்டாள். போகும்போது திரும்பி வந்து சொன்னாள்:

"இவளுக்குக் கடலக்கா சேராதுங்க டீச்சர். தின்னா மூஞ்சி வீங்கி மூச்சு முட்டுமுங்க. மறந்துராதீங்க."

தலையாட்டினேன். நம்பவில்லை. ஊரைச் சுற்றிக் கடலைக்காடு. கடலை சேராத பிள்ளை எங்காவது இருக்குமா? அம்மா செல்லம் கொடுத்துக் கெடுத்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஆனாலும் உருண்டைக்குப் பதிலாக அவளுக்கு வெல்லம் மட்டும் கொடுத்துவந்தேன். வெல்லத்தை வாயில் வைத்தபடி மற்றப் பிள்ளைகளின் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மூன்றாம் வாரம் ஒரு சாயங்காலம் என்னிடம் கை நீட்டினாள். துளியூண்டு தின்றால் என்ன ஆகிவிடும் என்று, ஓர் உருண்டையில் கிள்ளி அவள் உள்ளங்கையில் வைத்தேன். சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் உதடு தடித்தது. கண் இரண்டும் மூடிக்கொண்டன. மூச்சு விசில் மாதிரி சத்தமிட்டது. எதிர் டீக்கடைக்காரர் சைக்கிளை மிதிக்க, பின்னால் அவளை மடியில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். ஊசி போட்டார். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார்.

தகவல் போய், அம்மா ஓடிவந்தாள். சேலையெல்லாம் பஞ்சு. என்ன தின்றாள் என்று கேட்டாள்.

"பக்கத்துப் பிள்ளை கையிலிருந்து வாங்கித் தின்னுட்டா," என்றேன். யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்துவிட்டது.

அவள் மகளின் பக்கம் குனிந்து, "ஏங்கண்ணு அடுத்தவங்ககிட்ட வாங்குன?" என்று கேட்டாள். பிள்ளையால் கண்ணைத் திறக்க முடியவில்லை. வீங்கிய உதட்டை அசைத்து ஏதோ சொல்லப் பார்த்தாள். சொல் வரவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

மறுநாளிலிருந்து பிள்ளை வரவில்லை. ஒரு வாரம் கழித்து வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன். பிள்ளைகளைக் கம்பெனிக்குள் விட மாட்டார்கள் என்பதால் அம்மா வேலையை விட்டிருந்தாள். எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

"உங்க மேல தப்பில்லீங்க டீச்சர். இத்தனை பிள்ளைகள்ல நீங்க யாரைன்னு பார்ப்பீங்க?" என்றாள்.

பிள்ளை என்னைப் பார்த்ததும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. காப்பியைக் குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தேன். அடுத்த மாதம் அவர்கள் தாராபுரம் பக்கம் குடிபோய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.