சிவப்பாகப் பூத்த மாமரம்

மாமரத்தைக் கொன்றுகொண்டிருந்த புல்லுருவிக்கு இரண்டு வருஷம் கழனித்தண்ணீர் ஊற்றி வளர்த்தவன் நான். அது பிடித்திருந்த கிளைக்கு மஞ்சள் துணிகூடக் கட்டிவிட்டேன்.

பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுக் கப்பலேறிய சமயம். முத்தியால்பேட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரும் பிரான்சுக்குப் போனார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த தமிழர். நான் அவரை, ஐயா என்பதற்குப் பதில் பிரெஞ்சு வழக்கப்படி முசே என்பேன். தோட்டத்து மாமரம் இறந்துபோன அவர் மனைவி வைத்தது. வாடகை வேண்டாம், மரம் இருக்கும்வரை நீயும் இரு என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறு தை மாதம் மேல்கிளையில், தடித்த இலைகளுக்கு நடுவே, செக்கச்செவேலென்று குழல் குழலாகப் பூத்தது. மாமரம் இப்படியா பூக்கும் என்று என் மனைவி கேட்டாள். எல்லாம் என் கழனித்தண்ணீரின் மகிமை என்று விளக்கினேன். தெருவே வந்து அண்ணாந்து பார்த்தது. அதோடு விட்டேனா? முசேவுக்குக் கடிதம் எழுதினேன். அடுத்த வருஷம் பூக்கும்போது நேரில் வந்து பார்க்கிறேன் என்று பதில் போட்டார்.

அவர் வர ஒரு மாதம் இருக்கும்போது, வில்லியனூர்ப் பக்கமிருந்து எரு வண்டி ஓட்டிவந்த விவசாயி ஒருவர் மரத்தையும் என் கையிலிருந்த குடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுக்கா தண்ணி ஊத்திக்கினு கீற? புல்லுருவிப்பா இது. பாதி மரத்தத் தின்னுட்டுது."

அது வேர்விட்ட இடத்துக்குக் கீழே கிளையோடு அறுக்கச் சொன்னார். ரம்பத்தோடு ஏறினேன். ஒன்றை அறுத்தால் அடுத்த கிளையில் இன்னொன்று தெரிந்தது. குருவிகள் விதையை மரம் முழுக்க ஒட்டிவைத்திருந்தன. ஏழு மாத வயிற்றோடு கீழே நின்ற மனைவி, போதும் இறங்கு என்று கெஞ்சினாள். நான் இறங்கியபோது அடிமரமும் இரண்டு கிளைகளும்தான் மிச்சம்.

வெட்டுவாயெல்லாம் சாணம் அப்பினேன். தினமும் மில்லுக்குப் போகுமுன் நகத்தால் பட்டையைக் கீறிப் பார்ப்பேன். முதல் வாரம் பச்சை தெரிந்தது. அப்புறம் பழுப்பு. ஒரே ஒரு துளிர் விடு, உனக்குப் புண்ணியமாகப் போகும் என்று அடிமரத்தைக் கட்டிப்பிடித்துக் கேட்டேன். மனைவி பாத்திரங்களைச் சாக்கில் போட ஆரம்பித்தாள்.

முசே வந்தார். அடிமரத்தில் கைவைத்துப் பார்த்தார். சிவப்புப் பூ எங்கே என்று கேட்டார். விறகுக் குவியலைக் காட்டினேன். மஞ்சள் துணி அதில் இன்னும் இருந்தது.

"நீ நல்லவந்தாம்பா. ஆனா ஒன்ன நம்பி ஒரு தொளசிச் செடியக்கூட வுட்டுட்டுப் போவ முடியாது. வேற வூடு பாத்துக்க."