ஒரே அடையாளத்தில் இரண்டு பெட்டிகள்

பழுதான பெட்டியிலிருந்து நக அளவு நினைவு அட்டையைக் குறடால் நெம்பிக்கொண்டிருப்பார். நாம் கேட்டதற்குப் பதில், அட்டை வெளியே வந்த பிறகுதான் வரும். எங்களுக்கு அவர் பெட்டிக்காரர். வயது ஐம்பத்தைந்து; முழங்காலுக்கு எழுபது.

நர்சுகள் நாங்கள், படுக்கையில் இருக்கும் பதினொரு பேரை அவரவர் வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம். வீட்டுக்கு ஒரு சிறு கணினிப் பெட்டி. அதில் பதியும் மருந்துக் குறிப்பை அடுத்த முறைக்கு வருபவள் போனில் பார்ப்பாள். நடுவில் தலைமைப் பெட்டி கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரகசியச் சாவி; அதுதான் அடையாளம். முகவரி நிலைக்காது. மின்சாரம் போய்வந்தால் மாறும், நோயாளி மகள் வீட்டுக்குப் போனாலும் மாறும். பெட்டி புது முகவரியை மற்றவற்றிடம் சொல்லிக்கொள்ளும்.

"வாடகைக்குக் குடியிருக்கிறவன் மாதிரி சிஸ்டர். வீடு மாறலாம், ஆளு மாறக்கூடாது" என்பார் பெட்டிக்காரர்.

சென்ற வாரம் சர்க்கரை நோயுள்ள பெரியவர் வீட்டுப் பெட்டி புகைந்தது. புதுச் சாவி போட்டால் எல்லா வீட்டுக்கும் நேரில் போய் அறிமுகம் செய்ய வேண்டும். அந்த அலுப்பில் பெட்டிக்காரர், பழைய அட்டையை அப்படியே நகலெடுத்துப் புதுப் பெட்டியில் செருகினார். சாவியும் கூடவே போயிற்று. பழையதை அங்கேயே விட்டுவந்தார். பெரியவரின் மருமகன் அதைச் சரிசெய்து தன் வீட்டில் மாட்டிவிட்டார்.

நேற்றுக் காலை இன்சுலினைப் புதுப் பெட்டியில் பதிந்தார்கள். பத்து மணிக்கு முறை மாறி வந்த பெண்ணின் போனுக்கு, அதே சாவி இருந்ததால், பழைய பெட்டி பதில் சொன்னது: ஒன்றும் போடவில்லை. அவள் ஊசியில் மருந்தை ஏற்றிவிட்டாள்.

"காலையிலயே போட்டாச்சும்மா, ஆளை முடிச்சிடப் பாக்குறியா?" என்று பெரியவர் கையை இழுத்துக்கொண்டார். பிழைத்தார்.

பெட்டிக்காரரைத் திட்ட எனக்கும் வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். திட்டி யாருக்கும் சர்க்கரை இறங்கியதில்லை.

"பழசைப் பிடுங்கிட்டா போதாதா?" என்றேன்.

"அந்தச் சாவியே இனி செல்லாதுன்னு ஆக்கணும் சிஸ்டர். புதுசு போட்டு, வீடு வீடாப் போயி அதோட அடையாள எண்ணைப் படிச்சுக் காட்டணும்."

"போன்ல படிங்க. இந்த முட்டியோட எத்தனை மாடி ஏறுவீங்க?"

"போன்ல யாரு வேணா நான்னு சொல்லலாம். சுருக்குவழி ஒருதடவை போனது போதும்."

மறுநாள் காலை முதலில் பெரியவர் வீட்டுக்குத்தான் போனார், நானும் போனேன். அன்று காலை முறைக்கு வந்திருந்த அதே பெண் பெட்டிக்காரரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். அவள் போனில் சரிபார்த்து ஒப்புக்கொண்டாள். பிறகு இன்சுலின் போட்டாள். பெட்டியில் பதிந்தாள். கைப்பையிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்து அதிலும் எழுதினாள்.

பெட்டிக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நோட்டைக் கேட்டு வாங்கி, அதில் தன் பேனாவை நூலால் கட்டி, பெட்டிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார்.